மாக்கிரட் தெரிந்தெடுத்த மெஷின்

1987 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கனடாவில், மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மின்விளக்குகளுக்குக் கம்பி பொருத்தும் சிறிய தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டு அறையில் பேனாட் என்ற வயதான தொழிலாளி தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். கட்டைவிரல் அளவுக் குப்பி. அதற்குள் கறுப்பு மணல். மணலுக்கு மேலே நாலைந்து மஞ்சள் பொட்டுகள் மின்னின.

"தங்கம்," என்றார் பேனாட். "என் கையால் அரித்து எடுத்தது."

எல்லோரும் குப்பியைக் கைமாற்றி மஞ்சளைப் பார்த்தார்கள். குப்பி கடைசியாக மாக்கிரட் என்ற பெண்ணின் கைக்கு வந்தது. அவர் தன் மதியச் சாப்பாட்டுப் பாணையும் சம்பலையும் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, குப்பியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கறுப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், சிந்திய திருகாணிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து வந்து குப்பியின் வெளிப்புறத்தில் மெதுவாக இழுத்தார். கறுப்பு மணலில் ஒரு பங்கு காந்தத்தோடு சேர்ந்து குப்பியின் உட்சுவரில் ஏறியது. மீதி அப்படியே கிடந்தது.

"ஏறியது மக்னடைட்," என்றார் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "ஏறாத கறுப்பில் அதிகம் இல்மனைட். இந்தச் சிவப்பு கார்னட். வெள்ளையாக மினுங்குவது சிர்கோன்."

பேனாட் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், மதாம்?"

"அதுதான் என் வேலை. பன்னிரண்டு வருஷம் செய்தேன்."

அந்தத் தொழிற்சாலையில் மாக்கிரட் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதற்கு முன்னர் என்ன வேலை செய்தீர் என்று அதுவரை ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

மாக்கிரட் திருகோணமலைப் பெண். நகரத்துக்கு வடக்கே புல்மோட்டையில் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். அந்த மணலில் இருந்து கனிமங்களைப் பிரிக்கும் ஆலையின் ஆய்வுகூடத்தில் அவர் உதவியாளராக இருந்தார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு கை மணல் எடுத்து, காயவைத்து, காந்தத்தால் பிரித்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து எண்ணி, எது எத்தனை வீதம் என்று தாளில் எழுதிக் கையொப்பம் வைப்பது அவருடைய பொறுப்பு. எழுதியது பிழைத்தால் ஒரு கப்பல் மணலின் தரமே பிழைக்கும். அவர் எழுதியது பிழைத்ததில்லை.

எண்பத்தைந்தில் திருகோணமலையில் வீடுகள் எரிந்தபோது அவர்களுடைய வீடும் எரிந்தது. கணவர் சவிரிமுத்துவும் அவரும் கொழும்பில் நாலு மாதம் ஒளித்திருந்து, அந்த வருஷக் கடைசியில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கோட்-டெ-நெய்ஜில் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்தார்கள். ஊரில் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்த சவிரிமுத்து இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலைக்குப் போனார். அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வருகிறபோது வரட்டும் என்று இருவரும் வேலைக்குப் போய் வந்தார்கள். நானும் அதே கட்டடத்தில்தான் அப்போது இருந்தேன். மாக்கிரட்டை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். தெரிந்ததைப் பணிவுக்காகக் குறைத்துச் சொல்லவும் மாட்டார்.

திங்கட்கிழமை பேனாட் ஒரு விலைப்பட்டியல் புத்தகத்தோடு வந்தார். மொன்றியலில் இருந்து காரில் மூன்று மணித்தியாலம் கிழக்கே, போஸ் என்ற பகுதியில், அவருடைய தமக்கைக்கு ஒரு பண்ணை இருந்தது. அதற்குள்ளால் ஒரு ஓடை ஓடியது. அந்தப் பக்கத்து ஓடைகளில் நூறு வருஷத்துக்கு முன்னரே சனம் தங்கம் தேடியிருக்கிறது. பேனாட்டும் இருபது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் தட்டு வைத்து மணல் அரித்து வந்தார். இப்போது முழங்கால் இரண்டும் பழுது. தண்ணீரில் குந்தியிருக்க ஏலாது. ஆகவே நின்றபடி தேடக்கூடிய மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். எது வாங்குவது என்று ஏற்கெனவே தீர்மானித்தும் விட்டார். புத்தகத்தின் நடுப் பக்கத்தில் அதன் பெரிய படம் இருந்தது. முள் காட்டும் ஒரு மீட்டர், அதில் ஆணி, போத்தல் மூடி, மோதிரம், நாணயம் என்று பிரித்து எழுதியிருந்தது.

"மண்ணுக்குள் இருப்பது என்ன என்று தோண்ட முன்னரே இது சொல்லிவிடும்," என்றார் பேனாட்.

மாக்கிரட் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று இரவு அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். இந்தக் கருவிகளை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை. ஆனால் அவை வேலை செய்யும் விதம் அவருக்கு விளங்கியது. அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள். அது மண்ணுக்குள் காந்த அலையை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அலை மாறித் திரும்புகிறது. அந்த மாற்றத்தைச் சத்தமாக்கிக் காதுக்குத் தருகிறது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவர் பேனாட்டிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். "கறுப்பு மணலுக்கு மேலே பிடித்தால் இது என்ன செய்யும்?"

"ஏன், மணலில் என்ன?"

"தங்கம் கறுப்பு மணலோடுதான் கிடக்கும். இரண்டும் பாரம், ஓடை இரண்டையும் ஒரே இடத்தில்தான் போடும். அந்த மணலில் பாதி காந்தத்தில் ஏறுகிறது. அப்படியென்றால் இந்த மெஷினுக்கு அந்த மண் முழுவதுமே இரும்பு மாதிரித்தான் கேட்கும்."

பேனாட் யோசித்தார். "புத்தகத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே."

"எழுதவில்லை. அதனால்தான் கேட்கிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க முன்னர் சோதித்துப் பார்ப்போம். உங்கள் ஓடை மணல் ஒரு வாளி வேண்டும். நீங்கள் எடுத்ததிலே பெரிய தங்கத் துண்டும் வேண்டும்."

அன்றிரவு சாப்பிடும்போது விஷயத்தைச் சவிரிமுத்துவிடம் சொன்னார். சவிரிமுத்துவின் முகம் மாறிவிட்டது.

"என்ன சாமான் எண்டு சொன்னனீர்?"

"மெட்டல் டிடெக்டர்."

"உது ஆமிக்காரர் கண்ணிவெடி தேடுற சாமான். எங்கட ஊரில உதைத் தூக்கிக்கொண்டு வாறவனைக் கண்டால் நாங்கள் மற்ற ஒழுங்கையால ஓடினனாங்கள். இஞ்ச கேஸ் முடியாமல் கிடக்கு. நீர் உதைப் பிடிச்சுக்கொண்டு காட்டுக்க திரிஞ்சால் ஆரும் பார்த்து என்ன நினைப்பினம்?"

"தங்கம் தேடுறா எண்டு நினைப்பினம்," என்றார் மாக்கிரட். "இஞ்ச உது விளையாட்டுச் சாமான், என்னப்பா. கடையில மீன்தூண்டிலுக்குப் பக்கத்தில வைச்சு விக்கினம்."

"உமக்கு இதில என்ன வரப்போகுது?"

மாக்கிரட் சோற்றைப் பிசைந்தார். "ஒண்டும் வராது. அந்த மனுசன் பிழையான சாமானை வாங்கப் போறார். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடிப் பேசாமல் இருக்கிறது?"

"அப்ப நானும் வாறன்," என்றார் சவிரிமுத்து.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மூன்று பேரும் பேனாட்டின் பழைய காரில் கடைக்குப் போனார்கள். வேட்டை, மீன்பிடிச் சாமான்கள் விற்கிற கடை. பின்பக்கத்தில் ஒரு சுவர் நிறைய டிடெக்டர்கள் தொங்கின. கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சிரித்த முகம். பேனாட் ஒரு வாளி மணலைத் தூக்கிக்கொண்டு வருவதையும், அவருக்குப் பின்னால் சேலை கட்டி, அதற்கு மேலே கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் பிளாஸ்டிக் தட்டம் ஒன்றை ஏந்திக்கொண்டு வருவதையும் பார்த்து, வழி தவறி வந்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தாராம்.

பேனாட் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் மீட்டர் வைத்த மெஷினை எடுத்துக் கடைத் தரைக்கு மேலே ஆட்டிக் காட்ட ஆயத்தமானார்.

"இங்கே வேண்டாம்," என்றார் மாக்கிரட். "கொங்கிறீற்றுக்குள் கம்பி இருக்கும். வெளியே போவோம்."

கடைக்குப் பின்னால் ஒரு புல் நிலம் இருந்தது. அங்கே கிடந்த மரப்பலகை ஒன்றில் ஆணி இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் தட்டத்தை அதன்மேல் வைத்தார். பேனாட்டின் தங்கத் துண்டு பயறு அளவு இருந்தது, கொஞ்சம் தட்டை. முதலில் அதை வெறும் பலகையில் வைத்தார்கள். மீட்டர் மெஷின் நாலு விரல் உயரத்திலேயே பளிச்சென்று சத்தம் போட்டது. கடைக்காரர் பேனாட்டைப் பார்த்துச் சிரித்தார். பேனாட் மாக்கிரட்டைப் பார்த்தார்.

மாக்கிரட் தங்கத்தைத் தட்டத்தில் வைத்து, அதன்மேல் இரண்டு விரல் ஆழத்துக்கு ஓடை மணலைக் கொட்டினார். "இப்ப பிடியுங்கள்."

மெஷின் அலறியது. தங்கத்துக்கு மேலே மட்டுமல்ல, தட்டத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே அலறல். மீட்டரின் முள் ஆணிக்கும் நாணயத்துக்கும் இடையில் ஓடித் திரிந்தது. கடைக்காரர் ஒரு குமிழைத் திருகினார். "இரும்பை ஒதுக்கச் சொல்லலாம்," என்றார். அலறல் அடங்கியது. ஆனால் தங்கத்துக்கு மேலே பிடித்தபோதும் சத்தமே வரவில்லை. மணலைத் தள்ளிவிட்டு வெறும் துண்டுக்கு மேலே பிடித்தார்கள். அப்போதும் இல்லை.

"இரும்போடு சேர்த்துச் சின்னத் தங்கத்தையும் ஒதுக்கிவிட்டது," என்றார் மாக்கிரட். குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. தாளில் வீதம் எழுதுகிற மாதிரித்தான் சொன்னார். "மற்றதைப் பார்ப்போம்."

அடுத்தது பெரிய தட்டு வைத்த மெஷின். ஒரு முழம் ஆழத்தில் கிடக்கும் நாணயத்தைக்கூடப் பிடிக்கும் என்றார் கடைக்காரர். அது பயறளவுத் துண்டைப் பலகையிலேயே பிடிக்கவில்லை. தட்டு பெரிதானால் ஆழம் போகும், ஆனால் சின்னது தப்பிவிடும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

சுவரின் மூலையில் ஒரு மெஷின் தூசியோடு தொங்கியது. மீட்டர் இல்லை. சாம்பல் நிறப் பெட்டி, மூன்று குமிழ், ஹெட்போன் செருகும் துளை. மாக்கிரட் அதைக் கேட்டார்.

"அதையா?" என்றார் கடைக்காரர். "அதை ஒருவரும் விரும்புவதில்லை. பழகுவது கஷ்டம். எல்லாவற்றையும் கையால் சரிக்கட்ட வேண்டும்."

"மண்ணுக்கு ஏற்றபடி சரிக்கட்டக் குமிழ் இருக்கிறதா?"

"இருக்கிறது. பத்துச் சுற்றுச் சுற்றலாம்."

மாக்கிரட் தங்கத்தை மறுபடி தட்டத்து மணலுக்குள் புதைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். மெஷின் மெல்லிய ரீங்காரம் ஒன்றை விடாமல் போட்டது. தட்டை மணலுக்குக் கிட்டக் கொண்டுபோனால் ரீங்காரம் ஏறியது, தூக்கினால் இறங்கியது. குமிழை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறக்கினார். ஏற்றம் குறைந்தது. இன்னும் ஒரு சுற்று. அரைச் சுற்று. தட்டை ஏற்றி இறக்கினாலும் ரீங்காரம் மாறாமல் ஒரே அளவில் நிற்கும்வரைக்கும் திருகிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சவிரிமுத்து புல்லில் குந்தியிருந்து பார்த்தார். வேலையில் ஆழ்ந்துபோன அந்த முகத்தைக் கண்டு இரண்டு வருஷமாகிறது என்று தனக்கு அப்போதுதான் உறைத்தது என்று அவர் பிறகு எங்களிடம் சொன்னார்.

பிறகு மாக்கிரட் தட்டை மணலுக்கு மேலே மெதுவாகக் குறுக்கே கொண்டுபோனார். ரீங்காரம் சமமாகப் போனது. நடுவுக்கு வந்ததும் கொஞ்சம் எழும்பி மறுபடி தணிந்தது. திரும்பக் கொண்டுவந்தார். அதே இடத்தில் அதே எழுச்சி. ஹெட்போனைக் கழற்றிப் பேனாட்டின் காதில் மாட்டினார். பேனாட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மிகச் சின்னதாக இருக்கிறது," என்றார்.

"தங்கமும் சின்னதுதான்," என்றார் மாக்கிரட். "இந்த மெஷின். இதற்குச் சின்னத் தட்டு ஒன்றும் வேண்டும். தண்ணீர் பட்டாலும் பழுதாகாததாகப் பாருங்கள்."

கடைக்காரர் அந்த மெஷினைப் பாதி விலைக்குக் கொடுத்தார். வாளியில் மிஞ்சிய கறுப்பு மணலைத் தனக்குத் தரமுடியுமா என்றும் கேட்டார். அதில் எது எது என்று மாக்கிரட் பெயர் சொல்லிக் காட்ட, பேனாட் அதைப் பிளாஸ்டிக் தட்டத்தோடு சேர்த்து விட்டுவிட்டு வந்தார்.

எங்கள் கட்டடத்தில் கதை அடுத்த நாளே பரவிவிட்டது. மாக்கிரட் தங்கம் தோண்டப் போறாவாம் என்று சனம் சிரித்தது. மூன்றாம் மாடிச் சிசிலி, "அக்கா, எனக்கொரு சோடி காப்புக்குக் காணக்கூடியதாக் கொண்டு வாங்கோ," என்று மின்தூக்கிக்குள் பகிடி விட்டாள். மாக்கிரட்டும் சிரித்தார். "காப்புக்குக் காணாது, சிசிலி. மூக்குத்திக்குப் பார்ப்பம்."

ஜூலை முதல் கிழமையில் மூன்று பேரும் போஸுக்குப் போனார்கள். பேனாட்டின் தமக்கை நிலத்தில் தேட அனுமதியும் தந்து, மதியத்துக்குச் சாப்பாடும் தந்தார். பேனாட் மெஷினைப் பிடித்தார், மாக்கிரட் இடம் காட்டினார், சவிரிமுத்து தோண்டினார். ஓடை வளைகிற இடத்தில் உட்பக்கக் கரை, பெரிய கல்லின் பின்பக்கம், அடிப்பாறையில் வெடிப்பு, இந்த மூன்றையும்தான் மாக்கிரட் காட்டினார். தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில்தான் பாரமானது விழும்.

அன்று முழுவதும் கிடைத்தவை குதிரை லாடத்தின் ஆணிகள், துப்பாக்கிச் சன்னங்கள், போத்தல் மூடிகள், ஒரு கரண்டியின் பாதி. பின்னேரம் பேனாட் களைத்துவிட்டார்.

"ஆணியை ஒதுக்கும் குமிழ் இதிலும் ஒன்று இருக்கிறது," என்றார். "அதைப் போடுவோமே."

"போட்டால் ஆணி வராது. தங்கமும் வராது. கடையில் பார்த்தோம்தானே. எல்லாவற்றையும் தோண்டத்தான் வேண்டும்."

"தோண்டுவது உங்கள் கணவர், மதாம்."

சவிரிமுத்துவுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். "நான் தோண்டுவன் எண்டு சொல்லும்," என்றார்.

இரண்டாவது முறை போனபோதும் ஒன்றும் இல்லை. அன்று ரீங்காரமே குழம்பிக்கொண்டிருந்தது. பத்து அடி நடந்தால் சத்தம் ஏறும், பிறகு தானாக இறங்கும். கரும்பச்சைக் கல் ஒன்றின்மேல் மெஷின் தங்கம் கண்ட மாதிரிக் கத்தியது. அந்தக் கல்லை உடைத்துப் பார்த்ததில் அரை மணித்தியாலம் போனது. உள்ளே கல்தான். மெஷின் பழுது என்று பேனாட் நினைத்தார். மாக்கிரட் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, கல்லின் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தார். பையில் வைத்திருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனபோது அது ஒட்டிக்கொண்டது.

"பிழை என்னில்தான்," என்றார் பேனாட்டிடம். "கடையில் காய்ந்த மணலில் ஒருமுறை சரிக்கட்டினேன், அது போதும் என்று நினைத்துவிட்டேன். இங்கே ஒவ்வொரு பத்து அடிக்கும் மண் வேறு. ஈரம் வேறு. இந்தக் கல்லுக்குள்ளேயே மக்னடைட் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் நின்று, புதிதாகச் சரிக்கட்டித்தான் தேட வேண்டும்."

"அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரு வளைவுதான் பார்க்கலாம்."

"ஓம். ஒரு வளைவைச் சரியாகப் பார்ப்போம்."

ஓம் என்ற சொல் அவர் வாயில் தமிழிலேயே வந்துவிட்டது. பேனாட் அதை விளங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பேனாட்டும் தொழிற்சாலையில் ஓம் சொல்லத் தொடங்கினார் என்பது வேறு கதை.

மூன்றாவது முறை போனது செப்டெம்பர் மாதம். மழை குறைந்து ஓடை வற்றியிருந்தது. கோடையில் தண்ணீருக்குள் கிடந்த அடிப்பாறை இப்போது வெளியே தெரிந்தது. அதன் வெடிப்புகளில் பாசியும் களிமண்ணும் அடைந்திருந்தன. அன்று பேனாட்டின் முழங்கால் நோ கூடியிருந்ததால் மாக்கிரட் மெஷினைப் பிடித்தார். ஒரு பாயளவு இடத்தைச் சரிக்கட்டித் தேடுவது, பிறகு நகர்ந்து மறுபடி சரிக்கட்டித் தேடுவது. மதியத்துக்குள் ஏழு ஆணி. சவிரிமுத்து ஆணிகளை ஒரு தகரத்தில் போட்டு வைத்தார்.

மூன்று மணியளவில் பாறையின் ஒரு குறுக்கு வெடிப்புக்கு மேலே ரீங்காரம் மெதுவாக எழும்பித் தணிந்தது. மாக்கிரட் திரும்பவும் கொண்டுபோனார். எழும்பியது. குறுக்குப் பக்கமாகக் கொண்டுபோனார். அப்போதும் அதே இடம், அதே அளவு.

"இன்னொரு ஆணி," என்றார் பேனாட் கரையில் இருந்தபடி.

"ஆணி நீளமாக இருக்கும். நெடுக்கே ஒரு சத்தம், குறுக்கே ஒரு சத்தம் தரும். இது எப்பக்கமும் ஒரே மாதிரி."

மெஷினை வைத்துவிட்டு, அவரே முழந்தாளிட்டு ஒரு திருகாணி முடுக்கியால் வெடிப்புக்குள் இருந்த களியைக் கிண்டி எடுத்தார். ஒவ்வொரு பிடிக் களியையும் மெஷினின் தட்டுக்கு மேலே காட்டினார். நாலாவது பிடியில் சத்தம் கையோடு வந்தது. களியைக் கழுவ முன்னரே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவுக் களி அப்படிப் பாரமாக இருக்காது.

ஓடைத் தண்ணீரில் கையை விட்டு மெதுவாக அலசினார். களி கரைந்து போனது. உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு மிஞ்சியது. கரடுமுரடு, ஒரு பக்கம் வெள்ளைக் கல் ஒட்டியிருந்தது. மஞ்சள் அதிகம் மின்னவில்லை, மங்கலாக, அமைதியாக இருந்தது.

மாக்கிரட் கையை நீட்டினார். பேனாட் நோவை மறந்து தண்ணீருக்குள் இறங்கி வந்தார். வந்து பார்த்தார். தொடவில்லை. இருபது வருஷத்தில் அவர் எடுத்த தங்கம் முழுவதையும் சேர்த்தாலும் இந்த ஒரு துண்டின் பாதி வராது. தொப்பியைக் கழற்றினார். பண்ணை வீட்டுப் பக்கம் திரும்பித் தமக்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சவிரிமுத்து கடப்பாரையில் சாய்ந்துகொண்டு நின்றார். "நீர் கண்டுபிடிச்சிட்டீர்," என்றார்.

"மெஷின் கண்டுபிடிச்சது. நான் மெஷினைக் கண்டுபிடிச்சனான்," என்றார் மாக்கிரட். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

துண்டு பேனாட்டின் தமக்கை நிலத்துத் தங்கம். அது அவர்களுக்கே சேர வேண்டும் என்பதில் மாக்கிரட்டுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பேனாட் பாதியை வெட்டித் தரப் பார்த்தார். "வெட்டாதீர்கள். முழுத் துண்டுக்குத்தான் அழகு," என்று மாக்கிரட் மறுத்துவிட்டார். அன்றிரவு பண்ணையில் தமக்கை கோழி சமைத்தார். போகும்போது ஒரு பெட்டி அப்பிளும் கொடுத்தனுப்பினார். சிசிலிக்கு மூக்குத்தி கிடைக்கவில்லை, அப்பிள் கிடைத்தது.

ஆனால் அந்தத் துண்டினால் வராதது கடையில் விட்டுவந்த மணலினால் வந்தது.

கடைக்காரர் புத்தியுள்ள மனுசன். அன்று பின்பக்கப் புல் நிலத்தில் நடந்ததை அவர் மறக்கவில்லை. பிளாஸ்டிக் தட்டத்தைக் கடையின் நடுவில் ஒரு மர மேசையில் வைத்தார். தங்கம் தேடப் போகிறோம் என்று யார் வந்தாலும், மெஷினை அந்த மணலுக்கு மேலே பிடித்துக் காட்டினார். சாம்பல் பெட்டி மெஷின் அந்த இலையுதிர்காலத்தில் பதினொன்று விற்றதாம். அந்த வருஷங்களில் கியூபெக்கின் வடக்கே தங்கம் தேடும் கொம்பனிகள் காளான் மாதிரி முளைத்திருந்தன. அவற்றுக்கு மண் மாதிரிகளைச் சோதித்துக் கொடுக்கிற ஆய்வுகூடம் ஒன்றின் பொறுப்பாளர், ஒரு பெண் புவியியலாளர், குளிர்கால வேட்டைக்குச் சப்பாத்து வாங்க அந்தக் கடைக்கு வந்தார். மேசையில் இருந்த மணலைக் கண்டு நின்றார்.

"இதை யார் இங்கே வைத்தது?" என்று கேட்டாராம்.

"ஓர் இலங்கைப் பெண். மெஷின் வாங்க வந்தவர்," என்றார் கடைக்காரர். "இந்த மணலில் எது எது என்று பெயர் சொன்னார்."

"பெயர் சொன்னாரா? சும்மா கண்ணால் பார்த்தா?"

கடைக்காரர் பேனாட்டின் ரெலிபோன் இலக்கத்தைத் தேடி எடுத்தார்.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாக்கிரட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஆய்வுகூடத்துக்குப் போனார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக் குளிர். சான்றிதழ் ஒன்றும் அவரிடம் இல்லை, எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அதை முதலிலேயே சொன்னார். பொறுப்பாளர் பரவாயில்லை என்று சொல்லி, இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஒரு நுண்நோக்கிக்கு முன்னால் அவரை இருத்தி, சின்னக் கிண்ணம் ஒன்றில் மணல் கொடுத்தார்.

"தெரிந்ததை எழுதுங்கள். நேரம் எடுத்துக்கொள்ளலாம்."

மாக்கிரட் நுண்நோக்கியின் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றினார். ஊசியால் மணல்மணிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். நாற்பது நிமிஷத்தில் ஒரு தாளை நீட்டினார். எட்டுக் கனிமத்தின் பெயரும் வீதமும் எழுதியிருந்தது. ஒன்பதாவது வரியில், "பச்சை நிறம், கண்ணாடி போன்றது, மூன்று மணல்மணிகள். எனக்குத் தெரியாது. புல்மோட்டையில் இல்லை," என்று இருந்தது.

பொறுப்பாளர் தாளைத் தன் கோப்பில் இருந்த இன்னொரு தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அந்த மூன்று பச்சை மணிகளைத் தானே நுண்நோக்கியில் பார்த்தார்.

"எங்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் ஏதாவது ஒரு பெயரை ஊகித்து எழுதிவிடுவார்கள்," என்றார். "நீங்கள் எப்போது தொடங்கலாம்?"

"இரண்டு கிழமையில். இப்போது இருக்கிற இடத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும்."

"சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லையே."

"கேட்கப் போகிறேன்," என்றார் மாக்கிரட். கேட்டார். சொன்ன தொகை அவர் மனத்தில் நினைத்திருந்ததிலும் கொஞ்சம் குறைவு. தான் நினைத்திருந்த தொகையைச் சொன்னார். பொறுப்பாளர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அந்த ஆய்வுகூடத்தில் மாக்கிரட் பதினெட்டு வருஷம் வேலை செய்தார். எண்பத்தொன்பதில் அவர்களுடைய கேஸ் வென்றது. பிறகு ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்கிப் போனார்கள். பேனாட் தன் தமக்கையின் பண்ணையோடு போய்ச் சேர்ந்துகொண்டு, ஒவ்வொரு கோடையிலும் அவர்களைக் கூப்பிடுவார். வேறு பெரிய துண்டு ஒன்றும் அந்த ஓடையில் கிடைக்கவில்லை, சின்னச் சின்னதாகச் சிலது கிடைத்தது என்று கேள்வி.

ஆனால் அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை பற்றித்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை கிடைத்த செய்தியை மாக்கிரட் மெட்ரோ நிலையத்து ரெலிபோனில் இருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். சவிரிமுத்துவால் அதைத் தன்னோடு வைத்திருக்க முடியவில்லை. ஒரு நோயாளியை எக்ஸ்ரே அறையில் விட்டுவிட்டு, தாதிமாரின் மேசையில் இருந்து எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"ஆரது? தம்பியோ? நான் சவிரிமுத்து கதைக்கிறன். மாக்கிரட்டுக்கு லாபில வேலை கிடைச்சிட்டுது. அவ இப்ப பஸ்ஸில வாறா. நீங்கள் ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ, அவவே வந்து சொல்லட்டும்."

அதற்கு முன்னர் அவர் இன்னும் மூன்று வீட்டுக்கு எடுத்திருந்தார். மாக்கிரட் கட்டடத்து வாசலில் காலணியின் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றும் தெரியாத முகத்தோடு மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றோம். சிசிலி ஒரு தட்டில் கேக்கும் வைத்திருந்தாள்.

மாக்கிரட் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அவர் எத்தனை பேருக்கு ரெலிபோன் எடுத்தவர்?" என்று கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றி, கேக்கில் ஒரு துண்டை எடுத்தார்.